ஏவல் விசையும் ஏமாற்று விசையும்

கடன் கொடுத்தவன் நீட்டிய தாளில், எழுத்தறியா உழவன் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்திய காலம் ஒன்றுண்டு. தாளில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பது அவனுக்குத் தெரியாது. "இங்கே வை" என்றான் கொடுத்தவன், இவன் வைத்தான், வயல் போயிற்று. அவனைக் 'கைந்நாட்டு' என்று எள்ளி நகைத்தது கற்றவர் கூட்டம். இன்று அக் கற்றவர் கூட்டமே நாள்தோறும் தன் பெருவிரலைக் கண்ணாடித் திரையின்மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. மை இல்லை, தாள் இல்லை. ஆனால் பணம் போகிறது, இசைவு போகிறது, நம்மைப் பற்றிய செய்திகளெல்லாம் போகின்றன. எதன்மேல் அழுத்துகிறோம், அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று பார்த்தவர் எத்தனை பேர்?

கைப்பேசியிலும் கணினியிலும் பணப்பொறியிலும் விரலகலத்தில் ஒரு கட்டம் தோன்றுகிறது. அதன்மேல் ஒரு சொல். மிஞ்சினால் மூன்று சொல். அதனைத் தொட்டால் பொருள் வாங்கப்படுகிறது, வேண்டுகை அனுப்பப்படுகிறது, கணக்கு அழிக்கப்படுகிறது. ஆங்கிலர் இதனைப் பட்டன் என்பர். பொத்தான் என்பதோ போர்த்துக்கீசியர் சட்டையோடு கொண்டுவந்த சொல். விசைப்பலகை என்னும் சொல் ஏற்கெனவே வழக்கூன்றிவிட்டமையால், இவ்வுரையில் இக்கட்டத்தை விசை என்றே குறிப்போம். ஒருவரை ஒரு செயலுக்கு ஏவுவதற்கென்றே வணிகரும் அரசும் அமைக்கும் விசை, ஏவல் விசை.

நாம் சொல்ல வருவது ஒன்றே. விசைமேல் எழுதிய சொல்லே இக்காலத்து ஆவணம். அச்சொல் பொய்யானால் ஏமாற்று; அழுத்துபவர்க்குப் புரியாததானாலும் ஏமாற்றே. முதல் ஏமாற்றை அரசுகள் ஒறுக்கத் தொடங்கிவிட்டன. இரண்டாம் ஏமாற்றை நாம் இன்னும் வளர்ச்சி என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

வணிகன் அறிந்த சொல்விலை

சொல்லில் என்ன இருக்கிறது, நிறமும் வடிவுமல்லவோ விசைக்கு உயிர் என்பாருளர். நிறமும் வடிவும் வேண்டும், யார் மறுத்தார்? விரல் பிழையாமல் தொடுதற்கு ஆப்பிள் நிறுவனம் 44 புள்ளி அளவும், கூகுள் நிறுவனம் 48 அலகு அளவும் வகுத்துள்ளன. எழுத்துக்கும் அதன் பின்புலத்துக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்னும் அளவிலேனும் இருத்தல் வேண்டும் என்று, பொது அளவினதான எழுத்துக்கு உலகளாவிய வலை நெறிகள் வரையறுக்கின்றன. இவையெல்லாம் கண்ணுக்கும் விரலுக்கும் உரியன. விரலை அசைப்பது உள்ளம். உள்ளத்தை அசைப்பது சொல்.

இதனை வணிகர் நன்கறிவர். அமெரிக்க ஆய்வாளர் சாரெட்டு சுபூல் 2009-இல் எழுதிய செய்தி ஒன்று இத்துறையில் பெயர் பெற்றது. தாம் பெயர் குறியாத ஒரு பெருவணிக நிறுவனத்தின் வலைக்கடையில், பொருள்களைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டப் போகும் இடத்தில், 'பதிவு செய்' என்னும் விசை குறுக்கே நின்றது. வாங்க வந்தவர்கள் 'நாங்கள் பொருள் வாங்கத்தானே வந்தோம், உறவு கொண்டாடவா வந்தோம்' என்று சலித்துத் திரும்பினர். அவ்விசையை எடுத்துவிட்டுத் 'தொடர்க' என்னும் விசையை வைத்து, வாங்குதற்குக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை என்று ஒரு தொடரும் எழுதினர். வாங்கி முடித்தோர் தொகை 45 விழுக்காடு உயர்ந்தது என்றும், முதலாண்டில் மட்டும் 30 கோடி தாலர் கூடுதலாக வந்தது என்றும் அவர் எழுதினார்.

2008-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்காகப் பராக் ஒபாமாவின் அணியினர் ஓர் ஆய்வு செய்தனர். வலைத்தள முகப்பில் நான்கு வகை விசைச் சொற்களையும், படமும் காணொளியுமாக ஆறு வகைக் காட்சிகளையும் மாற்றி மாற்றி வைத்து, எது மிகுதியான பேரைப் பதிவுசெய்யத் தூண்டுகிறது என்று கணக்கெடுத்தனர். 'பதிந்துகொள்' என்றிருந்த பழைய விசை தோற்றது. ஒபாமாவின் குடும்பப் படத்தின்கீழ் 'மேலும் அறிக' என்று பணிவாக அழைத்த விசை வென்றது. 8.26 விழுக்காடாக இருந்த பதிவு 11.6 விழுக்காடாயிற்று.

ஒரு சொல்லைத் தவறாக எழுதினால் என்ன நேரும் என்பதற்கும் ஒரு செய்தியுண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தார் 'லிசா' என்னும் கணினியை உருவாக்கிவந்தபோது, உறுதிப்படுத்தும் விசைமேல் 'செய்' எனப் பொருள்படும் 'டூ இட்' என்னும் ஆங்கிலத் தொடரை எழுதினர். ஆங்கிலத்தில் 'ஐ' என்னும் பேரெழுத்தும் 'எல்' என்னும் சிற்றெழுத்தும் சிலவகை அச்சில் ஒரே கோடாகத் தோன்றும். பொறியைச் செய்து பார்க்க அழைக்கப்பட்ட ஒருவர் அத்தொடரை 'டோல்ட்டு' என்று படித்துவிட்டார். அதற்கு மடையன் என்று பொருள். பொறி தம்மை மடையன் என்று ஏன் அழைக்கிறது என்று அவர் சினந்தார். அதன் பின்னரே அவ்விசையில் 'ஓகே' ஏறியது என்று அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஆண்டி எர்ட்சுபெல்டு எழுதியுள்ளார். ஓர் எழுத்தின் வடிவு மயங்கியதற்கே அவர்கள் சொல்லையே மாற்றினர். நம் விசைகளிலோ மொழியே மயங்கிக் கிடக்கிறது, மாற்றுவார் இல்லை.

பொய் சொல்லும் விசை

சொல்லின் ஆற்றலை அறிந்தவன் அதனை நல்வழிக்கே பயன்படுத்துவான் என்பதற்கு உறுதி ஏது? வாங்கும் விசையைப் பளிச்சென்ற நிறத்தில் பெரிதாக வைப்பான். மறுக்கும் விசையை மங்கலாக மூலையில் ஒளிப்பான். நேரம் முடியப்போகிறது என்று பொய்யாக விரட்டுவான். 'வேண்டா' என்று சொல்ல வருபவனை நாணச் செய்வான். இத்தகைய சூழ்ச்சிகளை ஆரி பிரிக்னல் என்னும் ஆங்கிலேயர் 2010-இல் 'இருண்ட வடிவங்கள்' எனப் பொருள்படும் பெயரிட்டுத் தொகுத்தார்.

அமேசான் நிறுவனத்தின் மேல் அமெரிக்க நடுவண் வணிக ஆணையம் 2023 சூனில் வழக்குத் தொடுத்தது. 'பிரைம்' என்னும் கட்டண உறுப்பாண்மையில் சேர ஓரிரு அழுத்தல் போதும். விலகுவதற்கோ நான்கு பக்கம், ஆறு அழுத்தல், பதினைந்து தெரிவுகள் என்று அவ்வாணையம் குற்றஞ்சாட்டியது. விலகும் அந்நெடுவழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே 'இலியடு' என்று பெயராம்; முடிவில்லாது நீளும் போரைப் பாடும் கிரேக்கப் பெருங்காவியத்தின் பெயர்! 2025 செபுதம்பரில், குற்றத்தை ஒப்பாமலேயே, 250 கோடி தாலர் தர அந்நிறுவனம் உடன்பட்டது. அதில் 100 கோடி ஒறுப்புத்தொகை; 150 கோடி மக்களுக்குத் திருப்பித் தரும் தொகை. உடன்பாட்டில் ஒரு விதி நம் நோக்குக்குரியது: உறுப்பாண்மையை மறுப்பதற்குத் தெளிவான விசை வேண்டும், 'வேண்டா, எனக்கு விலையில்லா அனுப்புகை தேவையில்லை' என்று மறுப்பவரைக் குத்திக்காட்டும் சொல்லை அதன்மேல் எழுதலாகாது.

ஐரோப்பாவில் 2011-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, பணக்கடமையை உண்டாக்கும் விசைமேல் 'பணம் தரும் கடமையுடன் வாங்குகிறேன்' என்னும் பொருள் தெளிவாக எழுதப்பட வேண்டும். செருமனியில் ஒரு விடுதி, அறைகளைப் பதிந்துவிட்டு வாராத ஒருவரிடம் 2,240 யூரோ கேட்டு வழக்காடியது. அவர் அழுத்திய விசைமேல் 'பதிவை முடி' என்னும் பொருளுள்ள சொல்லே இருந்தது. ஐரோப்பிய ஒன்றிய வழக்குமன்றம் 2022 ஏப்பிரல் 7 அன்று தந்த தீர்ப்பு தமிழாசிரியர் ஒவ்வொருவரும் மாணவர்க்குச் சொல்லத்தக்கது. சுற்றியுள்ள விளக்கங்களைக் கணக்கில் கொள்ளலாகாது. விசைமேல் உள்ள சொல் ஒன்றையே பார்க்க வேண்டும். அச்சொல் அன்றாடச் செருமானிய வழக்கில் பணக்கடமையை உணர்த்துமா என்பதை அந்நாட்டு மன்றமே ஆராய்க என்றது. ஒரு நாட்டின் பேச்சுவழக்கு, வணிக ஒப்பந்தத்தின் அளவுகோல் ஆயிற்று! அதே செருமனியில் 2022 சூலை முதல், வலைவழிச் செய்துகொண்ட தொடர் ஒப்பந்தங்களிலிருந்து விலகுவதற்கும் தனி விசை வைத்தே ஆக வேண்டும்.

இந்தியாவிலும் நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று நெறிமுறை வெளியிட்டது. அதில் 13 வகை ஏமாற்றுகள் எண்ணப்பட்டுள்ளன. கேளாமலே கூடையில் பொருள் சேர்த்தல், பொய்யான பரபரப்பு, விலகவொட்டாக் கட்டணப் பொறி, குழப்பும் கேள்வி, நாணச் செய்து ஒப்பவைத்தல் ஆகியன அவற்றுட் சில. வான்பயணச் சீட்டு வாங்குபவர் காப்பீடு வேண்டா என்றால் 'நான் காப்பில்லாமலே இருப்பேன்' என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பதனை அந்நெறிமுறையே எடுத்துக்காட்டாகத் தருகிறது. 2025 சூனில், வலைக்கடைகள் மூன்று திங்களுக்குள் தம்மைத் தாமே ஆய்ந்து இவற்றைக் களைய வேண்டும் என்றும் ஆணையம் அறிவுறுத்தியது.

நல்லதே. ஆனால் பதின்மூன்றையும் எண்ணிப் பார்த்தேன். புரியாத மொழியில் விசை வைத்து இசைவு வாங்குதல் என்று ஒரு வகை அப்பட்டியலில் இல்லை. குழப்பமான சொல்லால் கேட்பது ஏமாற்று என்றால், தெரியாத மொழியால் கேட்பது என்ன? அதுவன்றோ பதினான்காம் ஏமாற்று?

புரியாத விசை

தமிழ்த் திரை என்று சொல்லிக்கொள்வனவற்றை எடுத்துப் பாருங்கள். 'சப்மிட்', 'கேன்சல்', 'கன்பார்ம்', 'ஸ்கிப்' என்று தமிழெழுத்தில் ஆங்கில ஒலியைப் பொறித்திருப்பர். அரசுப் பக்கமானால் 'சமர்ப்பி' என்று வடமொழி வந்து நிற்கும். 'ரத்து செய்' என்று அரபுச்சொல் வந்து நிற்கும். 'அனுப்பு' என்னும் சொல்லுக்கு என்ன குறை? 'விலக்கு' என்பதற்கு என்ன நோய்?

"இவையெல்லாம் எல்லார்க்கும் தெரிந்த சொற்கள்தாமே ஐயா" என்பர் சிலர். யார் அந்த எல்லாரும்? ஓய்வூதியத்துக்காகத் திரைமுன் நிற்கும் மூதாட்டியைக் கேளுங்கள். "பச்சையா இருக்கிறத அமுக்குன்னு பேரன் சொன்னான்" என்பார். அவர் சொல்லைப் படிக்கவில்லை. நிறத்தையும் இடத்தையும் நெட்டுருப் போட்டிருக்கிறார். சொல்லைப் படியாமல் நிறத்தைப் பார்த்து அழுத்துபவரைத்தான் ஏமாற்றுக்காரன் தேடிக்கொண்டிருக்கிறான். நாளை அவன் பச்சையை இடம் மாற்றி வைப்பான். மூதாட்டி தாம் கேளாத காப்பீட்டுக்குப் பணம் கட்டுவார். புரியாத விசை, பொய்யான விசைக்கு வழி திறந்துவிடுகிறது. இரண்டும் தனித்தனிக் கேடுகளல்ல.

'ஓகே' என்பதனைச் 'சரி' என்று பெயர்த்துவிட்டால் போதும் என்றிருப்பாரும் உளர். 'உங்கள் முன்பதிவை விலக்கிக்கொள்ள வேண்டுமா?' என்று பொறி கேட்கிறது. கீழே இரண்டு விசை: ஒன்று 'சரி', மற்றொன்று 'விலக்கு'. விலக்க விரும்புபவர் எதனை அழுத்துவார்? 'விலக்கு' என்றால் பதிவை விலக்குவதா, விலக்கும் எண்ணத்தையே விலக்குவதா? ஆங்கிலத்தில் இருந்த குழப்பத்தை அப்படியே தமிழுக்கு இறக்கியிருக்கின்றனர். 'முன்பதிவை விலக்கு' என்று ஒன்றும், 'முன்பதிவு இருக்கட்டும்' என்று ஒன்றும் எழுதினால், கேள்வியைப் படியாதவர்க்கும் விளங்கும்.

இலக்கணம் காட்டும் வழி

நம் இலக்கணிகள் திரையைக் கண்டவரல்லர். ஆயினும் விசைக்கு வேண்டிய இலக்கணத்தை அவர்கள் என்றோ வகுத்துவிட்டனர். தமிழில் வினையின் வேர் எதுவோ அதுவே ஏவல். நட, வா, செல், பார், கேள் என்று வேரைச் சொன்னாலே ஏவியதாகிவிடும். ஒட்டு வேண்டா, துணைச்சொல் வேண்டா. இத்தகைய ஏவல் வினைகளின் ஈறு 23 என்று நன்னூலார் கணக்கிட்டார். ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒரே பொருளவாயினும், இழிந்தோன் ஈ என்பான், ஒப்போன் தா என்பான், உயர்ந்தோன் கொடு என்பான் என்று தொல்காப்பியர் வேறுபடுத்தினார். யார் யாரை ஏவுகிறார் என்பதே ஏவற்சொல்லின் முதற்கேள்வி என்பது அவர்க்குத் தெரியும். இன்று விசை எழுதுவோர் பலர்க்கு அக்கேள்வியே தோன்றுவதில்லை.

'அனுப்பு' என்னும் விசையில் யார் யாரை ஏவுகிறார்? மாந்தர் பொறியை ஏவுகிறார். பொறிக்கு உயர்வுச்சொல் எதற்கு? 'சேமி', 'நீக்கு', 'தேடு', 'அனுப்பு' என்று வெறும் ஏவல் போதும். 'பெயரை எழுதுக', 'ஊரைத் தேர்க' என்னும் இடத்தில் பொறி மாந்தரை வேண்டுகிறது. அங்கே வியங்கோள் வேண்டும். 'க' என்னும் ஓரெழுத்து ஈறு. ஆண் பெண் வேறுபாடு இல்லை, ஒருமை பன்மை வேறுபாடு இல்லை, அவமதிப்பும் இல்லை. உலகில் இத்துணைச் சிக்கனமான பணிவு எம்மொழியில் உண்டு? இதனைக் கைவிட்டு 'உள்ளிடவும்', 'தேர்வு செய்யவும்', 'சமர்ப்பிக்கவும்' என்று எல்லா விசையிலும் ஒரே வாலை ஒட்டுகின்றனர். பொறியை நோக்கியும் 'செய்யவும்'. மாந்தரை நோக்கியும் 'செய்யவும்'!

தலைகீழான பிழையும் உண்டு. கணக்கைவிட்டு வெளியே வருவதற்கு 'வெளியேறு' என்று ஒரு விசை. வெளியேறப் போவது பொறியன்று, நாம். 1942-இல் வெள்ளையனை நோக்கி முழங்கிய சொல்லை இன்று பொறி நம்மை நோக்கி முழங்குகிறது. 'வெளியேறுக' என்று ஓரெழுத்துச் சேர்த்தால் சொல் நாகரிகம் பெறும்.

தமிழ்ச்சொல் நீளமானது, சிறு கட்டத்தில் அடங்காது என்பது அடுத்த மறுப்பு. நீளம் தமிழின் குற்றமா, பெயர்த்தவரின் குற்றமா? 'தேர்வு செய்' என்பதனைத் 'தேர்' எனலாம். 'ரத்து செய்' என்பதனை 'விலக்கு' எனலாம். 'பதிவிறக்கம் செய்', 'பதிவேற்றம் செய்' என்று எழுதிவிட்டு இடம் போதாமல் பாதியில் வெட்டிப் புள்ளி வைக்கின்றனர். வெட்டிய பின் இரண்டும் 'பதி' என்னும் இரண்டெழுத்தோடு நிற்கும்; இறக்குவதும் ஏற்றுவதும் ஒன்றாகிவிடும்! 'இறக்கு', 'ஏற்று' என்று எழுதினால் வெட்டவும் வேண்டா, மயங்கவும் வேண்டா. ஆங்கிலச் சொல்லின் அளவுக்குக் கட்டம் வரைந்துவிட்டுத் தமிழை அதற்குள் திணிப்பது, பிள்ளைக்குத் தைத்த சட்டையைத் தாய்க்கு மாட்டுவது போலும். சொல்லை முடிவு செய்த பின்னரே கட்டத்தை வரைதல் வேண்டும்.

நம்மவரிலும் சிலர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். அகரமுதலியின் ஆழத்திலிருந்து எவர் காதும் கேட்டிராத சொல்லைத் தூக்கிவந்து விசைமேல் ஏற்றுவதும் பிழையே. புதுச்சொல் ஆக்குவதற்குக் கட்டுரையுண்டு, வகுப்பறையுண்டு. அங்கே விளக்கம் சொல்ல இடமுண்டு. விசைமேல் விளக்கத்துக்கு இடமில்லை. படித்த நொடியில் புரிய வேண்டும். வா, தா, எடு, விடு, அனுப்பு, நீக்கு, வாங்கு, வேண்டா என்று ஊர்ப்புறத்துத் தாய்மார் நாவில் புழங்கும் வினைகளே தூய தமிழும் ஆகும், தெளிந்த தமிழும் ஆகும். இத்துணைச் செல்வம் கையிலிருக்கக் கடன் எதற்கு?

கேட்க வேண்டியவை

விசை எழுதும் நிறுவனங்களையும் அரசையும் நோக்கி நாம் கேட்பன ஐந்து.

முதலாவது, விசைமேல் வினை இருக்கட்டும். அழுத்தினால் எது நடக்குமோ அதனையே அவ்வினை சொல்லட்டும்.

இரண்டாவது, பணம் போகுமானால் தொகையும் விசைமேலேயே இருக்கட்டும். 'தொடர்க' என்று மயக்காமல் '450 உருபா செலுத்து' என்று எழுதுக.

மூன்றாவது, ஏற்கும் விசைக்கு நிகரான அளவிலும் தெளிவிலும் மறுக்கும் விசை நிற்கட்டும். 'வேண்டா' என்னும் ஒரு சொல்லுக்குமேல் மறுப்பவரிடம் ஒன்றும் கேளாதீர்.

நான்காவது, சேர எத்தனை அழுத்தலோ விலகவும் அத்தனையே ஆகட்டும்.

ஐந்தாவது, தமிழரிடம் தமிழில் விற்கும் எவரும் விசையையும் தமிழிலேயே தருக. விளம்பரத்தைத் தேன்தமிழில் பாடிவிட்டு, பணம் கட்டும் இடத்தில் மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவுவதைப் பதினான்காம் ஏமாற்றாகச் சட்டம் எண்ணட்டும்.

படிப்போரே, நீங்கள் செய்வதற்கும் வேலையுண்டு. ஏமாற்று விசை எதனைக் கண்டாலும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்க. 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுக. புரியாத விசையைக் கண்டால் அந்நிறுவனத்துக்குத் தமிழிலேயே எழுதுக. குறை சொல்வதோடு நில்லாமல், அவ்விடத்தில் வர வேண்டிய சொல்லையும் எழுதி அனுப்புக. செயலி எழுதும் தமிழிளைஞர்களே, ஆங்கிலச் சொற்பட்டியலைப் பெயர்ப்பாளரிடம் வீசிவிட்டு ஒதுங்காதீர்; எந்தத் திரையில், எந்தக் கேள்விக்குக் கீழே அச்சொல் நிற்கும் என்று காட்டுக. தமிழாசிரியத் தோழர்களே, ஏவலும் வியங்கோளும் நடத்தும் நாளில் கரும்பலகையில் நான்கு கட்டம் வரைந்து, அவற்றின்மேல் என்ன எழுதலாம் என்று மாணவரைக் கேளுங்கள். இலக்கணம் மதிப்பெண்ணுக்கு மட்டும் என்று எண்ணியிருக்கும் பிள்ளை, தன் தந்தையின் பணத்தைக் காப்பதும் இலக்கணமே என்று அன்று உணரும்.

அதுவரை, பச்சையோ சிவப்போ, பெரிதோ சிறிதோ, எந்த விசையானாலும் விரலைச் சற்றே நிறுத்துக. மேலுள்ள சொல்லைப் படிக்க. புரியவில்லையானால் அழுத்தற்க.